எட்டு மணி நேரம் எங்கே போயிற்று?

ஒலிநூல் என்னும் பெயர்தான் நமக்குப் புதிது. நூலைக் காதால் கேட்கும் வழக்கம் மிகப் பழையது. கோயில் மண்டபத்தில் ஒருவர் புராணம் படிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, எழுத்தறியாத பாட்டிமார்கூட நூல் முழுவதையும் நெஞ்சிலே பதித்து வைத்திருந்த காலம் நெடுந்தொலைவில் இல்லை. மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களிலே வைகாசிச் சடங்கு வந்துவிட்டால், கண்ணகை அம்மன் கோயில்களில் ‘கண்ணகி வழக்குரை’ படிக்கும் குரல் இன்றும் கேட்கும். ஏட்டிலும் வாயிலும் வாழ்ந்த அந்நூலை ஆராய்ந்து 1968ஆம் ஆண்டில் அச்சிற் பதிப்பித்தவர் பண்டிதர் வி. சீ. கந்தையா. ‘மட்டக்களப்புத் தமிழகம்’ எழுதிய அவர் எங்கள் மண்டூரிற் பிறந்தவர் என்பதிலே ஊராருக்குச் சற்றுப் பெருமை உண்டு, எனக்கும் உண்டு.

என் பெரியப்பா அந்நூலைப் படிப்பதில் வல்லவர். அச்சுப் புத்தகம் மடியில் இருக்கும். கண் அதிலே இராது. அவருக்கு எண்பது வயது கடந்தபின், 2018ஆம் ஆண்டுச் சடங்கு முடிந்த கையோடு, அவருடைய குரலிலே நூல் முழுவதையும் பதிந்து வைக்கவேண்டும் என்று தோன்றிற்று. ஒன்பது மாலைப் பொழுதுகள் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து படித்தார். நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. நான் பதிகருவியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, நாய் குரைக்காமலும் பிள்ளைகள் ஓடாமலும் காவல் இருந்தேன். ஒன்பது துண்டுகளையும் கணினியிலே ஒன்றாக இணைத்தபோது மொத்தம் 8 மணி 10 நிமிடம் வந்தது. அந்தக் கணக்கை நாட்குறிப்பில் எழுதி வைத்தேன். பின்னர் பெரும்பிழை ஒன்றும் செய்தேன். பதிகருவியின் நினைவட்டையை மாணவர்களின் நாடகப் பயிற்சிக்குப் பயன்படுத்துவதற்காக, அந்த ஒன்பது துண்டுகளையும் அழித்துவிட்டேன். முழுக்கோப்பு இருக்கும்போது துண்டு எதற்கு என்பது அன்றைய என் எண்ணம்.

பெரியப்பா 2021இல் காலமானார். இரண்டாம் ஆண்டுத் திவசம் அணுகும்போது, கனடாவிலிருக்கும் அவருடைய மூத்த மகன் தொலைபேசியில் அழைத்தார்.

“தம்பி, அப்பாட வழக்குரைய எம்பி3 ஆக்கி அனுப்பு. திவசத்தண்டு எங்கட பிள்ளையள் ஒருக்காக் கேக்கட்டும்.”

அனுப்புகிறேன் அண்ணன் என்றேன். அன்றிரவே கோப்பைத் தேடி எடுத்து, மாற்றும் செயலியில் இட்டேன். அரைமணி நேரமாவது ஆகும் என்று தேநீர் குடிக்கப் போனேன்; திரும்பிவர முன்னமே வேலை முடிந்திருந்தது. அப்போதே ஐயம் வந்திருக்கவேண்டும். வெளிவந்த எம்பி3 கோப்பின் நீளம் 1 மணி 24 நிமிடம். இறுதிப் பகுதியை ஓடவிட்டுக் கேட்டேன். சிலம்புக்கு நாகமணி தேடிக் கடலோடும் மீகாமனின் கதை நடந்துகொண்டிருந்தது; ஓரடியின் நடுவிலே, ஒரு சொல்லின் நடுவிலே, குரல் அறுந்து போயிற்று. கப்பல் நடுக்கடலில் நின்றுவிட்டது. வெடியரசனும் இல்லை, வழக்குரைத்தலும் இல்லை, குளிர்த்தியும் இல்லை.

மூலக்கோப்பைத் திறந்தேன். அதுவும் 1 மணி 24 நிமிடம் என்றே காட்டிற்று. அன்றிரவு நான் உறங்கவில்லை என்பதை வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மறுநாள் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவனை வீட்டுக்கு வரச் சொன்னேன். குருமண்வெளியிலிருந்து பாதையில் ஏறி, வாவியைக் கடந்து வந்தான். கணினியிலே கெட்டிக்காரன். மூன்று வெவ்வேறு செயலிகளில் மாற்றிப் பார்த்தான். மூன்றிலும் அதே 1 மணி 24 நிமிடம். “சேர், இணைக்கேக்கயே மிச்சம் விடுபட்டிருக்கு. இந்தப் பைல் பழுது” என்றான். வட்டில் இடமில்லை என்று பல நாளாக முறையிட்டுக்கொண்டிருந்த என் மகள், “அப்ப அத அழிச்சிப்போட்டு, எம்பி3ய மட்டும் வைப்பமா அப்பா?” என்று கேட்டாள். நானும் ஓம் என்று சொல்லும் நிலையில்தான் இருந்தேன். அழிக்கும் பெட்டியிலே கோப்பின் பெயருக்குக் கீழே அதன் பருமன் எழுதியிருந்தது: 5,186 மெகாபைற்.

கணிதம் படித்தவனுக்கு அங்கே ஒரு முள் குத்தியது. ஒன்றரை மணிக்கும் குறைந்த பேச்சுக்கு 5,186 மெகாபைற் எதற்கு? சாக்கிலே ஒரு மரைக்கால் என்று சீட்டு எழுதியிருக்கிறது. தூக்கினால் ஆறு மரைக்காலின் பாரம் இருக்கிறது. சீட்டு பிழையா, சாக்கு பிழையா?

இனி வருகிற கணக்கை மாணவர்கள் பென்சிலும் தாளும் எடுத்துக்கொண்டு செய்து பார்க்க வேண்டும்; பெருக்கலும் வகுத்தலும் தவிர வேறொன்றும் இல்லை. கணினி ஒலியைத் தொடர்ச்சியாகப் பதிவதில்லை. ஒரு வினாடியிலே பல்லாயிரம் முறை அதன் அளவை எடுத்து எண்ணாக எழுதி வைக்கிறது. 1982இல் விற்பனைக்கு வந்த ஒலித்தட்டுகளுக்கு வகுத்த முறைப்படி, வினாடிக்கு 44,100 அளவுகள். ஒவ்வோர் அளவுக்கும் 2 பைற். இடக்காது, வலக்காது என இரண்டு தடங்கள். ஆகவே வினாடிக்கு 44,100 × 2 × 2 = 176,400 பைற். எங்கள் பதிவு 8 மணி 10 நிமிடம், அதாவது 29,400 வினாடி. இரண்டையும் பெருக்கினால் 5,186,160,000 பைற். வட்டிலே காட்டிய பருமன் அதுவேதான்! நாட்குறிப்பில் எழுதிய கணக்கும் வட்டின் கணக்கும் ஒத்துப்போயின. பெரியப்பாவின் குரல் முழுவதும் அக்கோப்புக்குள்ளே இருக்கிறது என்று அந்தக் கணமே தெரிந்துவிட்டது.

அப்படியானால் 1 மணி 24 நிமிடம் எங்கிருந்து வந்தது? எங்கள் கோப்பு ‘வேவ்’ என்னும் வகையைச் சேர்ந்தது. மைக்ரோசொவ்ற், ஐபிஎம் ஆகிய நிறுவனங்கள் 1991இல் வகுத்த அமைப்பு அது. கோப்பின் தலைப்பகுதியிலே, உள்ளே எத்தனை பைற் ஒலி இருக்கிறது என்று ஓர் எண் எழுதப்படும். அந்த எண்ணுக்கு ஒதுக்கிய இடம் 32 பிற். அவ்விடத்தில் எழுதக்கூடிய எண்கள் 4,294,967,296. அதற்கு மேலே எழுத இடமில்லை. 1991இல் வீட்டுக் கணினி வைத்திருந்தோருக்கு அது எட்டாத தொகை. ஆதலால் அமைப்பை வகுத்தவர்களைக் குறை சொல்ல முடியாது.

பழைய மோட்டார் வண்டிகளிலே ஓடிய தூரத்தைக் காட்டும் மானியை நினைத்துப் பாருங்கள். 99,999 வந்தபின் இன்னும் ஒரு மைல் ஓடினால் 00,000 ஆகிவிடும். வண்டி தேய்ந்தது தேய்ந்ததுதான். மானி மாத்திரம் புதுவண்டி என்று சொல்லும். எங்கள் கோப்பிலும் நடந்தது அதுவே. 4,294,967,296 பைற்றை 176,400ஆல் வகுத்தால் 24,348 வினாடி, அதாவது 6 மணி 45 நிமிடம் 48 வினாடி. மானி அங்கே ஒரு சுற்றுச் சுற்றி முதலிலிருந்து எண்ணத் தொடங்கிவிட்டது. 8 மணி 10 நிமிடத்திலிருந்து 6 மணி 45 நிமிடம் 48 வினாடியைக் கழித்துப் பாருங்கள்: 1 மணி 24 நிமிடம் 12 வினாடி. விடை வந்தபோது மாணவன் மேசையைத் தட்டி எழுந்துவிட்டான். மூன்று செயலிகளும் ஒரே விடை சொன்னதன் காரணமும் விளங்கிற்று. மூன்றும் சாக்கைத் தூக்கிப் பார்க்கவில்லை. மூன்றும் ஒரே சீட்டை வாசித்தன.

மீட்பது எளிதாகவே இருந்தது. 2000ஆம் ஆண்டு முதல் இலவசமாகக் கிடைத்துவரும் ‘ஓடாசிற்றி’ என்னும் ஒலித்திருத்தியிலே, கோப்பை வழக்கம்போலத் திறக்காமல், ‘மூலத் தரவாக இறக்கு’ என்னும் வழியால் எடுக்கலாம். அவ்வாறு எடுத்தால் செயலி தலைப்பகுதியை வாசிக்காது. உள்ளதை எல்லாம் ஒலியென்றே கொள்ளும். ஆயினும் தலைப்பகுதி சொல்லவேண்டியதை நாமே சொல்லவேண்டும்: 16 பிற், இரண்டு தடம், வினாடிக்கு 44,100, சிறு முனை முதலில். இவற்றுள் முதலாவதையோ கடைசியையோ பிழையாகச் சொன்னால் தகரக் கூரையில் மாரிமழை பெய்வது போன்ற இரைச்சல் வரும். பயப்படாமல் திருத்திச் சொன்னாற் போதும். முதலிலே ‘டிக்’ என்று ஓர் ஒலி கேட்டது. அது தலைப்பகுதியின் 44 பைற்றும் ஒலியாக மாறியதனால் வந்தது, வெட்டி எறிந்தோம். கட்டளை எழுதிப் பழகியவர்கள் ‘எவ்.எவ்.எம்பெக்’ என்னும் கருவியைப் பயன்படுத்தலாம். எழுதிய நீளத்தைப் பொருட்படுத்தாதே என்று அதற்குக் கட்டளையிடும் வழி உண்டு.

திரையின் அடியிலே 8:10:00 என்று தோன்றியது. கடைசி நிமிடத்துக்குப் போனேன். குளிர்த்திப் பாடலை முடித்துவிட்டு, பெரியப்பா மூச்சு வாங்கி, “தண்ணி கொஞ்சம் தா மகன்” என்று கேட்டார். அதை வெட்டாமல் விட்டிருக்கிறேன்.

இந்நிகழ்ச்சியை வகுப்பிலே சொன்னபின், வீட்டிலிருக்கும் ஒலிப்பதிவுகளோடு பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். எல்லாக் குறுக்கத்துக்கும் ஒரே காரணம் இல்லை என்று அப்போது அறிந்தேன்.

சிலவற்றிலே காட்டும் நேரம் மாத்திரம் பிழை. ஒலி முழுவதும் இருக்கும். எம்பி3 கோப்பிலே, ஒலியின் செறிவுக்கேற்பப் பைற்றுகளைக் கூட்டியும் குறைத்தும் செலவிடும் முறை ஒன்று உண்டு. அத்தகைய கோப்பின் முன்னே மொத்த நீளம் எழுதப்படாவிடில், சில கருவிகள் முதற்பகுதியின் செலவைப் பார்த்து முழுவதையும் மதிப்பிடும். தொடக்கத்தில் உடுக்கொலி முழங்குமாயின் அங்கே செலவு மிகுதி. முழுப்பதிவும் அவ்வாறே செலவாகும் என்று எண்ணி, அளவைக் குறைத்துக் காட்டிவிடும். கல்யாண வீட்டின் முதற்பந்தியைப் பார்த்து அரிசிக் கணக்குப் போடுகிறவனைப் போல. குறித்த நேரம் கடந்தும் குரல் ஒலித்துக்கொண்டே இருந்தால், நோய் இதுதான்.

பல எம்பி3 துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வெறுமனே ஒட்டினாலும் இத்தகைய மயக்கம் உண்டாகும். முதற்றுண்டின் முன்னே எழுதிய நீளமே முழுக்கோப்பின் நீளமாகக் காட்டப்படும். சில கருவிகள் அவ்விடத்தில் நின்றும்விடும். இணைப்பதற்கென உள்ள செயலியால் மீண்டும் முறைப்படி இணைத்தால் தீரும்.

வேறு சிலவற்றிலே குரலே மாறிவிடும். வினாடிக்கு 44,100 என்று பதிந்ததை 48,000 என்று சொல்லி ஓடவிட்டால், எங்கள் 8 மணி 10 நிமிடம் 7 மணி 30 நிமிடமாகச் சுருங்கும். சொல் ஒன்றும் விடுபடாது. எண்பது வயதுக் கிழவர் அறுபது வயதுக்காரரின் துடிப்போடு படிப்பார். இசைத்தட்டைப் பிழையான வேகத்திற் சுழலவிட்ட அனுபவமுள்ள முதியவர்கள் இதை உடனே கண்டுபிடிப்பார்கள், இளைஞர்கள் கண்டுகொள்வதில்லை. நீளம் சரிபாதியாகிக் குரல் கிளிக்குரலானால், ஒரு தடத்தை இரண்டு தடமென்று கொண்டதோ, 22,050ஐ 44,100 என்று கொண்டதோ காரணமாக இருக்கலாம்.

மிகவும் வஞ்சகமானது மௌனத்தை வெட்டும் வசதி. கைத்தொலைபேசியிற் பதியும் செயலிகள் சிலவற்றிலே அது உண்டு. பேச்சில்லாத இடங்களை நீக்கி இடத்தை மிச்சப்படுத்தும். குரல் இயல்பாகவே இருக்கும். தொடக்கமும் முடிவும் சரியாக இருக்கும். மொத்த நேரம் மாத்திரம் குறையும். அலுவலகக் கூட்டக் குறிப்புக்கு அது நன்று. பாட்டுக்கு ஆகாது. ஒரு பாடல் முடிந்து அடுத்தது தொடங்குமுன் படிப்பவர் விடும் இடைவெளியிலே கேட்பவர் பொருளை அசைபோடுகிறார். அவ்விடைவெளியை வெட்டிவிட்டால் தேவாரமும் ஏலக்கூவல் போல ஆகிவிடும். வெட்டிய மௌனத்தை மீட்க வழியும் இல்லை. பதியத் தொடங்குமுன் அந்த வசதியை நிறுத்தி வையுங்கள்.

வட்டில் இடம் முடிந்து மாற்றம் பாதியில் நின்றுபோவதும், இடையிலே பழுதான பகுதியைக் கண்டு செயலி ஓய்ந்துவிடுவதும் உண்டு. இவை வெளிப்படையானவை. இன்னுமொன்று: பழைய முறையில் அமைத்த பென் ட்ரைவ்களிலே 4 கிகாபைற்றுக்கு மேற்பட்ட ஒரு தனிக்கோப்பு அடங்காது. அங்கும் நம்மைத் தடுப்பது அதே 32 பிற் எண்ணே.

ஒலியைச் சுருக்கும் நெருக்கடி இன்று நேற்று வந்ததும் இல்லை. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழன்ற இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேலே அடங்கும். வித்துவான்கள் ஆலாபனையைத் தட்டுக்கேற்ப வெட்டினார்கள். 1930களிலே அமெரிக்காவில் கண்பார்வையற்றோருக்காகப் பேசும் நூல்களைத் தட்டிற் பதிந்தபோது, அவற்றை மெதுவாகச் சுழலவிட்டு ஒரு பக்கத்திலே ஏறத்தாழக் கால்மணி நேரத்தை அடக்கினார்கள். ஒரு நாவலைக் கேட்டு முடிக்க ஓர் அடுக்குத் தட்டுகள் வேண்டியிருந்தன. அன்று எல்லை எங்கே என்று எல்லோரும் அறிந்திருந்தார்கள். ஊசி உள்வட்டத்துக்கு வந்துவிட்டது கண்ணுக்குத் தெரிந்தது. இன்றைய எல்லை கண்ணுக்குத் தெரியாத தலைப்பகுதியில் ஒளிந்திருக்கிறது. அதனாலேயே இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

எனக்குள்ள அச்சம் வேறொன்று. நம்மவரின் நூல்களையும் ஆவணங்களையும் எண்மமாக்கும் நூலகம் திட்டம் 2005இலே தொடங்கியது. ஒலிப்பதிவுகளும் அவ்வாறு சேமிக்கத் தக்கவை. மூலத்தை அழித்துவிட்டு 1 மணி 24 நிமிட எம்பி3யை நான் ஒரு சேமிப்பகத்துக்குக் கொடுத்திருந்தால், ஐம்பது ஆண்டுக்குப் பின் கேட்கும் ஒருவர், மண்டூரிலே வழக்குரையைக் கடலோட்டு காதையோடு நிறுத்திவிடுவார்கள் போலும் என்று ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியிருப்பார். அவரை மறுக்க ஆளிராது.

ஆகவே வீட்டிலே தாத்தா பாட்டியின் குரலைப் பதியும் பிள்ளைகள் சிலவற்றைக் கவனிக்கவேண்டும். எத்தனை மணி எத்தனை நிமிடம் என்பதையும், முதலடி கடையடி எவை என்பதையும் தாளில் எழுதி வையுங்கள். மாற்றியபின் கடைசி நிமிடத்தை முதலிற் கேளுங்கள். குறிப்பிலுள்ள கடையடி அங்கே இருக்கவேண்டும். நடுவிலும் இரண்டோர் இடம் கேட்டு, குரலின் வேகத்தை மூலத்தோடு ஒப்பிடுங்கள். பருமனைக் கணக்கிடுங்கள். ஒருவர் பேச்சுக்கு வினாடிக்கு 64 கிலோபிற் செலவில் எம்பி3 செய்தால் மணிக்கு ஏறத்தாழ 29 மெகாபைற் வரும். எங்கள் வழக்குரைக்கு 235 மெகாபைற். 40 மெகாபைற்றே வந்திருந்தது என்பதை அன்றிரவே நான் பார்த்திருக்கலாம். ஒருவர் படிப்புக்கு இரண்டு தடம் வேண்டா. ஒரு தடமாகப் பதிந்தால் ‘வேவ்’ கோப்பின் எல்லை 13 மணி 31 நிமிடம் வரை நீளும். அதனினும் நல்லது, ஒவ்வொரு காதையையும் தனிக்கோப்பாக வைத்துக்கொள்வது. மூலத் துண்டுகளை என்னைப்போல் அழித்துவிடாதீர்கள்.

திவசத்துக்கு முதல்நாள் கோப்பு கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டு நாள் கழித்து அண்ணன் அழைத்தார். பிள்ளைகள் முழுவதையும் கேட்கவில்லையாம். மீகாமன் சண்டை வரையும் கேட்டுவிட்டு நித்திரையாகிவிட்டார்களாம். அண்ணன் மாத்திரம் விடியும் வரை இருந்து கேட்டிருக்கிறார். “கடைசியில தண்ணி கேட்டாரே, குடுத்தியா?” என்று கேட்டார். கொடுத்தேன் என்றேன்.